சாயும் ஒட்டகம்: ஒரு நீர்வண்ண ஓவியத்தின் துயரத்தை எப்படிப் படிப்பது?

இன்றைய மன்றத்திற்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'துயரம் ததும்பும் நீர்வண்ண ஓவியங்களும் அவற்றின் குறியீடுகளும்' என்பதாகும். பல ஓவியங்களைத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட, ஒரே ஓர் ஓவியத்தின் முன் சற்று நேரம் நிற்பது நல்லது என்று நினைக்கிறேன். வங்காளத்தின் அவனீந்திரநாத் தாகூர் 1913இல் நீர்வண்ணத்தில் தீட்டிய 'பயணத்தின் முடிவு' என்ற ஓவியமே அது. இன்று புதுடில்லியில் உள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

மாசாயில் இருப்பவர்களுக்கும் பாலைவன ஒட்டகத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஒட்டகத்தை நம்மில் பலர் மிருகக்காட்சிசாலையில்தான் பார்த்திருக்கிறோம். ஆனால் சுமை என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? அந்த ஒரு தகுதி போதும் என்றே சொல்வேன்.

முதலில் படத்தைப் பார்ப்போம். சிறிய படம்தான். கையில் வைத்துப் பார்க்கும் அளவு. அதில் ஓர் ஒட்டகம், அதன் முதுகில் சுமை. முன்னங்கால்கள் மடிந்துவிட்டன. உடலின் பின்பகுதி இன்னும் மேலே நிற்கிறது. பின்னணி முழுவதும் செம்மையும் பழுப்பும் கலந்த அந்தி. மனிதர் யாரும் இல்லை. ஒட்டகத்தை ஓட்டி வந்தவனைக் காணோம், சுமையின் சொந்தக்காரனையும் காணோம். இவ்வளவுதான் படம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டகம் சாதாரணமாக உட்காரும்போதும் முதலில் முன்னங்கால்களைத்தான் மடக்கும். அதன்பிறகே பின்னங்கால்கள் மடியும். சுமை இறக்க வேண்டும் என்றால், தினமும் இப்படித்தான் உட்கார்ந்தாக வேண்டும். அப்படியானால், இந்த ஒட்டகம் வழக்கம்போல உட்காருகிறதா, அல்லது இனி எழ முடியாமல் விழுகிறதா? உடல் நிற்கும் நிலையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டில் எதுவென்று சொல்ல முடியாது. வேலை முடிந்து உட்காரும் உடலும் உயிர் முடிந்து சாயும் உடலும் ஒரே கோலத்தில் இருக்கின்ற அந்தக் கணத்தை ஓவியர் பிடித்திருக்கிறார். பார்ப்பவரின் நெஞ்சில் ஏற்படும் கனம் இந்த ஐயத்தில்தான் தொடங்குகிறது. தலைப்பும் நமக்கு விடை சொல்வதில்லை. அன்றைய பயணம் முடிந்தது என்றும் கொள்ளலாம், எல்லாப் பயணமும் முடிந்தது என்றும் கொள்ளலாம்.

தண்ணீரில் நனைந்த அந்தி

அடுத்து அந்தச் செம்மைக்கு வருவோம். 2013 ஜூன் மாதம் மூவாரில் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்ட நாட்களை ஜொகூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பகலிலேயே சூரியன் சிவந்து, மரங்களின் ஓரங்கள் கரைந்து, எதிர் வீடு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகும். அவனீந்திரநாத்தின் பின்னணியும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். இதில் பாதி உழைப்பு தூரிகையினுடையது என்றால் மீதி தண்ணீரினுடையது.

இதன் வரலாறு சுவையானது. ஈ.பி. ஹாவெல் என்ற ஆங்கிலேயர் 1884 முதல் சில ஆண்டுகள் சென்னை கலைத் தொழிற்பள்ளியின் தலைவராக இருந்தார். பிறகு 1896இல் கல்கத்தா கலைப்பள்ளிக்குப் போனார். ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பதே கலைக்கல்வி என்று இருந்த நிலையை மாற்றி, முகலாய ஓவியங்களையும் இந்தியச் சிற்பங்களையும் மாணவர்கள் முன் வைத்தார். அவரிடம் நெருங்கிப் பழகியவர் அவனீந்திரநாத். 1871இல் பிறந்தவர். மகாகவி ரவீந்திரநாத் தாகூருக்கு அண்ணன் முறையானவரின் மகன்.

1902இல் ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா கல்கத்தாவில் தங்கியிருந்தார். அவர் ஊர் திரும்பியபின், அவரைச் சார்ந்த இரண்டு இளம் ஓவியர்கள், யோக்கோயாமா தைக்கானும் ஹிஷிடா ஷுன்சோவும், 1903இல் கல்கத்தாவுக்கு வந்தார்கள். தைக்கான் ஈரத் தூரிகையால் தாளை நீவி வண்ணத்தை மென்மையாக்குவதை அவனீந்திரநாத் பக்கத்திலிருந்து பார்த்தார். பார்த்தவர் ஒரு படி மேலே போனார். வண்ணம் தீட்டிக் காய்ந்த தாளை அப்படியே தண்ணீரில் அமிழ்த்தினார்! மிதக்கும் வண்ணம் போய்விடும், தாளுக்குள் இறங்கிய வண்ணம் நின்றுவிடும். காயவைத்து மறுபடி தீட்டுவது, மறுபடி அமிழ்த்துவது. இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும்போது கோடுகளின் ஓரம் மழுங்கி, ஒரு வண்ணம் இன்னொன்றுக்குள் சாய்ந்து, படம் முழுவதும் ஒரே மெல்லிய மூட்டம் பரவும். இதைத்தான் கழுவு முறை என்கிறோம்.

ஜப்பானில் தைக்கானும் ஷுன்சோவும் கோடுகளை விட்டுவிட்டு இப்படி மங்கலாக வரையத் தொடங்கியபோது, 'மூட்டப் பாணி' என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். வங்காளப் பாணியைப் பின்பற்றிய சிலர் பிற்காலத்தில் எதை வரைந்தாலும் இந்த மூட்டத்தைப் பூசி, சோகத்தைப் பொடியாகத் தூவுவது போலத் தூவினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மங்கலாக இருந்தால் அது ஆழமாகிவிடாது. 'பயணத்தின் முடிவு' ஓவியத்தில் மூட்டத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. சுற்றியுள்ள எல்லாம் கரைகின்றன, ஆனால் ஒட்டகத்தின் உடல் நுணுக்கமான கோடுகளோடு தெளிவாக நிற்கிறது. உலகம் முதலில் மறைகிறது, வலி கடைசியாக மறைகிறது. நெடுநாள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புரியும்.

மகளும் தாயும்

அவனீந்திரநாத் துயரத்தை வரைவது இதுவே முதல்முறை அல்ல. 1902இல் 'ஷாஜகானின் மறைவு' என்ற படத்தை வரைந்தார். ஆக்ரா கோட்டையில் சிறைப்பட்ட முதிய மன்னன் தூரத்தில் தெரியும் தாஜ்மகாலைப் பார்த்தபடி உயிர் விடுகிறான். காலடியில் மகள் ஜஹனாரா. அது நீர்வண்ணம் அல்ல, பலகைமேல் எண்ணெய் வண்ணம். கல்கத்தாவில் பிளேக் பரவிய காலத்தில் தம் சின்ன மகளைப் பறிகொடுத்தவர் அவர். அந்த வேதனையை எல்லாம் இந்தப் படத்தில் இறக்கிவைத்ததாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மகளை இழந்த தகப்பன், தகப்பனை இழக்கும் மகளை வரைந்தார்! வரலாற்றுப் பாடம் போலத் தெரியும் ஒரு படத்துக்குள் ஒரு வீட்டின் இழவு ஒளிந்திருந்தது.

1905இல் 'பாரத மாதா' வந்தது. வங்கப் பிரிவினை நடந்த ஆண்டு அது. காவியுடை அணிந்த ஒரு பெண், நான்கு கைகள். ஒன்றில் சுவடி, ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் வெண்துணி, ஒன்றில் செபமாலை. கல்வி, உணவு, உடை, ஆன்மிகம் என்று குழந்தைகூடப் பொருள் சொல்லிவிடும். அது கொள்கை விளக்கப் படம். கூட்டத்தில் தூக்கிப் பிடிக்கத் தக்கது. அதைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்துக்கு அது தேவைப்பட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே கை ஒட்டகத்தை வரைகிறது. இந்தத் தடவை அடையாளப் பொருள் ஒன்றுகூடக் கையில் கொடுக்கப்படவில்லை. அப்படியிருந்தும் அறிஞர்கள் சிலர், ஒட்டகம்தான் இந்தியா, சுமைதான் அந்நிய ஆட்சி என்று பொருள் சொல்கிறார்கள். அப்படிப் படிக்கவும் இடமிருக்கிறது. மயிலிறகாக இருந்தாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதும் வலியறிதல் என்னும் அரசியல் அதிகாரத்தில்தானே? ஆனால் அந்தப் பொருளோடு கதவைச் சாத்திவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1947இல் ஆட்சி மாறியது. ஒட்டகம் எழுந்து நடந்துவிட்டதா? இன்றைக்கும் அந்தப் படம் நம்மை உறுத்துகிறது என்றால், ஆட்சியைவிடப் பழைய ஏதோ ஒன்று அதில் இருக்கிறது.

குறியீடுகளை அகராதி போல மனப்பாடம் செய்கிற பழக்கம் ஒன்று நம் பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்கிறது. சிவப்பு என்றால் இரத்தம், கறுப்பு என்றால் மரணம், நீலம் என்றால் சோகம் என்று எழுதிவிட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். இந்தப் படத்தில் நீலம் தேடினால் ஏமாற்றம்தான். முழுக்க முழுக்கச் சூடான வண்ணங்கள். கல்யாண வீட்டுப் பட்டுப்புடவைக்குரிய வண்ணங்களில் ஒரு சாவு. வண்ணத்துக்குப் பொருள் தனியாக இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் இல்லை என்பதைக் கொண்டே பொருள் வருகிறது.

தொல்காப்பியர் தரும் நான்கு காரணங்கள்

இப்படிப்பட்ட படங்களைப் படிக்க நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அவற்றில் அழுகைக்கு நான்கு காரணங்கள் காட்டினார். பிறர் இகழ்வதால் வரும் இளிவு, உரியதைப் பறிகொடுக்கும் இழவு, முன்பிருந்த நிலையிலிருந்து தளரும் அசைவு, இல்லாமையால் வரும் வறுமை. இந்த நான்கையும் வைத்து ஒட்டகத்தைப் பாருங்கள். இழவு என்று சொல்ல முடியாது, அது எதையும் பறிகொடுக்கவில்லை, தன்னையே கொடுக்கிறது. வறுமை என்றும் சொல்ல முடியாது, அதன் முதுகு நிறையப் பொருள் இருக்கிறது. அந்தப் பொருள் அதனுடையது அல்ல என்பது வேறு விஷயம். அசைவு பொருந்துகிறது. நேற்றுவரை இந்தச் சுமையைத் தூக்கிய அதே கால்கள் இன்று மடிகின்றன. இளிவும் பொருந்துகிறது என்பேன், ஏனென்றால் விழும் நேரத்தில் சுமையை இறக்கிவிட ஓர் ஆள்கூட அருகில் இல்லை. ஆக இந்தப் படத்தின் துயரம் பிரிவுத் துயரம் அல்ல, தளர்ச்சியின் துயரம். சோகம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தியிருந்தால் இந்த வேறுபாடு நமக்குக் கிடைத்திருக்காது.

திணைக் கணக்கிலும் பார்க்கலாம். ஒட்டகம் சுமை தூக்கும் நிலம் பாலை. பாலைக்கு உரிய சிறுபொழுது நண்பகல். ஆனால் படத்தில் இருப்பது பொழுது சாயும் நேரம். அது நெய்தலுக்கு உரிய எற்பாடு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பாலையின் உடலும் நெய்தலின் மனமும் ஒன்றாகிவிட்டன. திணைமயக்கம் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். அவனீந்திரநாத் தொல்காப்பியம் படித்து வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அளவுகோல் நம்முடையது, அளப்பது யாருடைய துணியாகவும் இருக்கலாம்.

சங்க இலக்கியத்தில் ஒட்டகம் இருக்கிறதா என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி. சிறுபாணாற்றுப்படையில், கடல் அலை கரையில் ஒதுக்கிய அகில் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றன என்ற உவமை வருகிறது. அங்கே ஒட்டகம் முழுவதுமாகப் படுத்துவிட்டது, அந்தக் காட்சியில் நிம்மதி இருக்கிறது, துறைமுகத்தின் செழிப்பு இருக்கிறது. இங்கே பாதி மட்டுமே மடிந்திருக்கிறது. அந்த மீதிப் பாதிதான் நம்மை வதைக்கிறது.

அவனீந்திரநாத்தின் மாணவர்களில் ஒருவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக 1929 முதல் 1957வரை இருந்தவர். சென்னை மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. தமிழ்நாடு போய்வந்தவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்திருப்பார்கள். நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். நரம்பு புடைக்க, உடல் சாய, நால்வரும் சேர்ந்து தள்ளுகிறார்கள். ஆசிரியர் சுமையின் கீழ் தனியே மடியும் உயிரை வரைந்தார், மாணவர் சுமையைக் கூடி எதிர்க்கும் உடல்களை வெண்கலத்தில் வார்த்தார். எது பெரிது என்று கேட்டால், என் ஓட்டு அந்தச் சின்னத் தாளுக்குத்தான். நண்பர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

நம் மண்ணில்

1927 ஜூலையில் ரவீந்திரநாத் தாகூர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தார். மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று பயணம் செய்தார். அவரோடு மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி வந்தார். சுரேந்திரநாத் கர், தீரேந்திர கிருஷ்ண தேவ வர்மா என்ற இரண்டு சாந்திநிகேதன் ஓவியர்களும் வந்தார்கள். அவனீந்திரநாத் தொடங்கிவைத்த மரபில் வளர்ந்தவர்கள் அந்த இருவரும்.

அதே காலத்தில் பினாங்கில் நீர்வண்ணம் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. சரவாக்கின் கூச்சிங்கில் 1896இல் பிறந்து பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென் மீனவக் குடிசைகளையும் தென்னை மரங்களையும் தண்ணீர் போன்ற எளிமையோடு வரைந்தார். பினாங்கின் அப்துல்லா அரிஃப் இன்னொரு பெரியவர். இருவரும் 1962இல் மறைந்தார்கள். அப்துல்லா அரிஃப் 1960இல் ஈயச் சுரங்கம் ஒன்றை வரைந்து 'மகிழ்ச்சியான மண்' என்ற பொருளில் தலைப்பிட்டார். விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள் ஆன நாட்டின் நம்பிக்கை அதில் தெரிகிறது. அது பொய் அல்ல. சுரங்கத்தில் குனிந்து நின்றவருக்கு அந்த மண் எவ்வளவு மகிழ்ச்சியைத் தந்தது என்பது அந்தப் படத்தின் கவலையாக இல்லை, அவ்வளவுதான்.

மாசாயைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்றன. 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் செயல்படத் தொடங்கியபின் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகின. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகளை மாட்டித் தோளில் சுமந்து வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தத் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். தோளில் காய்ப்பு ஏறிய தாத்தாக்களை நாம் பார்த்திருக்கிறோம். ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் நாற்காலியில் உட்காரும்போது ஒரு பக்கத் தோள் தாழ்ந்தே இருக்கும். சுமை போனபின்னும் சுமந்த கோலம் உடலில் தங்கிவிடுகிறது. 'பயணத்தின் முடிவு' ஓவியத்தை அவர்களில் ஒருவரிடம் காட்டினால் குறியீடு பற்றிய விளக்கம் தேவைப்படாது. "பாவம், யாராவது அந்த மூட்டையை எறக்கி விடுங்கப்பா" என்பதுதான் அவருடைய விமர்சனமாக இருக்கும். அதைவிடச் சரியான விமர்சனம் எனக்குத் தெரியவில்லை.

துயரத்தை வரைய இன்னொரு வழியும் உண்டு. ஜாக் சால்க்கர் என்ற ஆங்கிலேய ஓவியர் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் போர்க்கைதியானார். சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கிடைத்த தாள்களில் சக கைதிகளின் புண்களையும், எலும்பும் தோலுமான உடல்களையும், முகாம் மருத்துவமனைக் குடிசைகளையும் கோட்டோவியமாகவும் நீர்வண்ணமாகவும் வரைந்தார். மூங்கில் குழல்களுக்குள் சுருட்டி மறைத்துவைத்தார். காவலரிடம் பிடிபட்டு அடிவாங்கியும் விடவில்லை. அந்தப் படங்களில் மூட்டம் இல்லை, உருவகம் இல்லை. எந்தப் புண் எவ்வளவு ஆழம் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வரைந்தவை பல. துயரமான மனநிலையை உண்டாக்க அவர் முயலவே இல்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் அவற்றைப் பார்க்க முடிவதில்லை. ஒட்டகத்தை எவ்வளவு நேரமும் பார்க்க முடிகிறது. உருவகம் நமக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது போலும்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கும் அதிகமானோர் மடிந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 180,000க்கும் மேல். அவர்களில் சுமார் 90,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம் பேர். போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. கைதிகளில் சால்க்கரைப் போன்றவர்கள் இருந்ததால் அவர்களுடைய முகங்களும் தாளில் தங்கின. தோட்டத்திலிருந்து போனவர்களில் தூரிகை பிடித்தவர் ஒருவர் இருந்தாரா? அவர்களின் கையால் அங்கே வரையப்பட்ட படம் ஒன்றையும் நான் இதுவரை பார்த்ததில்லை. நமக்குக் கிடைத்தவை திரும்பி வந்தவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து சொன்ன வாய்மொழிக் கதைகள். அவற்றையும் முழுமையாகச் சொன்னவர்கள் குறைவு. பாதியில் நிறுத்திவிட்டு, "சரி, அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று எழுந்துபோனவர்களே அதிகம்.